இரண்டு புள்ளி

சுக்கூர் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அப்பாவும் அவனுமாகப் பட்டறையில் ரிப்பேர் முடித்த காரை ஓட்டிப் பார்க்கப் போனவன், கொள்ளிடக் கரையில் முன்சக்கரம் கழன்று கவிழ்ந்தான். "நட் கழலாம இருக்கக் காட்டர் பின் மாட்டணும். என் பையனே மறந்துட்டான்" என்றுதான் அவன் அப்பா ஷேக் தாவூது எல்லோரிடமும் சொல்லிவந்தார், மனைவி ஷரபுன்னிசாவிடமும்.

அன்று லால்குடி பிச்சைமுத்து தாவூதின் பட்டறைக்கு ஒரு சாக்கோடு வந்தார். வீட்டிலேயே சொந்தமாகக் கார் கட்டுகிறவர் அவர்.

"பாய், பழைய இரும்புக் கடையில முன்சக்கரத் தண்டு ரெண்டு கிடைச்சுது. எது இடது, எது வலதுன்னு பார்த்து மாட்டிக் கொடுங்க. எங்க வீட்ல என் காருக்குத் தேர்னு பேர் வச்சிருக்கா. ஊரே இழுத்தாத்தான் நகருமாம்!"

தாவூது சிரிக்கவில்லை. துடைத்த இரும்பில், வேலை முடிந்ததும் தன் பட்டறையில் குத்துகிற புள்ளிகள் தெரிந்தன. சுக்கூர் ஓட்டிப்போன அதே காரின் தண்டுகள். ஒரு புள்ளி குத்திய தண்டில் நட்டும் காட்டர் பின்னும் அப்படியே இருந்தன. இரண்டு புள்ளி குத்தியதில் நட் இல்லை. துளையில் பின் ஏறிய தடமே இல்லை.

"ரெண்டு புள்ளின்னா வலது பக்கமா பாய்?"

டீயோடு வந்த ஷரபுன்னிசா அங்கேயே நின்றாள். தாவூது அவளைப் பார்த்தார்.

"இல்லீங்க. ஒரு புள்ளி என் மகன் மாட்டினது. ரெண்டு புள்ளி நான் மாட்டினது."