நனைத்து நட்ட நாற்று

“ஆறு பாட்டிலையும் தூக்கினவன் எவன்டா?”

நடவன்று காலையில் வரப்பில் நின்று கத்தினேன்.

பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில், தொண்டிப் பக்கம் கடலோரமாக வாங்கிய நிலம். உப்புப் பூத்த மண். இரண்டு வருஷமாக நட்டதெல்லாம் கருகிவிட்டது. இந்த வருஷமும் கருகினால் விற்றுவிட வேண்டியதுதான்.

அதற்காகத்தான் திருப்பரங்குன்றம் நாகஜோதி கடையில் ஆறு பாட்டில் நுண்ணுயிர் உரம் வாங்கி வந்தேன். அதில் வேரை நனைத்து நட்டால் உப்பு மண்ணிலும் நெல் பிழைக்குமாம்.

நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் சோணை முன்னால் வந்தான்.

“நாத்தையெல்லாம் நனைச்சாச்சுண்ணே. ஆனா அந்தப் பாட்டிலு...”

“எதுலடா நனைச்ச? பாட்டிலக் காட்டு!”

ஒரு காலி கேனைக் காட்டினான்.

“யாருக்குடா காது குத்துற? எம்புட்டுக்கு வித்த?”

நடவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் திருடன் என்று சொல்லி விரட்டிவிட்டேன்.

ஐம்பதாம் நாள் போய்ப் பார்த்தால், பயிர் கரும்பச்சையாக நிற்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக நாகஜோதி கடைக்குப் போனேன்.

“தங்கச்சி, உன் சரக்கைத் திருட்டுக் குடுத்தும் பயிரு நிக்குதே, எப்படி?”

“யாரு ஜெயபாண்டியண்ணே திருடினா? சோணையண்ணன் ஆறையும் தூக்கிட்டு இங்கதான் வந்தாரு. கார் டிக்கில நாலு நாள் வெயில்ல போட்டீங்களாமே? உள்ள இருந்த உயிரெல்லாம் வெந்துபோச்சு. நிழல்ல வைங்கன்னு அம்புட்டுச் சொன்னேன். நீங்க ஏழாவது பாட்டில ஓசியில கேக்குறதுலயே குறியா இருந்தீங்க.”

“வேற குடுத்தியா?”

“கைவசம் இல்ல. பத்து நாளாகும்னேன். அதுக்குள்ள நாத்து முத்திரும்னாரு.”

“அப்ப எதுலதான் நனைச்சான்?”

“பக்கத்துல அவரு துண்டு நிலத்துக்குன்னு முன்னமே ஒரு கேன் வாங்கி வச்சிருந்தாரு.”

வயலில் பார்த்தேனே, என் பயிருக்கு அடுத்து ஒரு துண்டு, நாற்றே காணாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. யாருடையது என்றுகூட நான் கேட்கவில்லை.

கும்பிடுகிறேன் சோணை. ஆனால் வாய்க்குள் முனகினால் ஆச்சா? திருடன் என்றபோது நாலு வயல் தாண்டிக் கேட்டதே!

டேய் ஜெயபாண்டி, அதே வரப்பில் ஏறி நின்று, அதே சத்தத்தில் மன்னிப்புக் கேளுடா!