மருமகள் போணி

அவள் ரத்தத்துக்கு அந்த வீடு போட்டிருந்த விலை, கிலோ நாற்பது ரூபாய்.

வண்டு விழுந்த பாசிப்பயறு அதற்கு மேல் போகாது. கடையில் போகாததெல்லாம் வீட்டுக்கு வரும்.

காலையில் அவள் மாமனாரின் பலசரக்குக் கடை வாசலில் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. கையில் மஞ்சள் பை.

சாம்பிராணிப் புகை இன்னும் அடங்கவில்லை. தராசைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தவர், எதிரே மருமகளைப் பார்த்தார்.

"என்னம்மா, எதையாச்சும் மறந்து வச்சுட்டு வந்துட்டனா?"

"இல்ல மாமா. சரக்கு வாங்க வந்தேன். பாசிப்பயறு ஒரு கிலோ."

கல்லாவில் அன்றைக்கு ஒரு காசு விழுந்திருக்கவில்லை.

அந்தத் தெருவில் போணிக்கு வந்து நிற்பவரை எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பமாட்டார். அனுப்பினால் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சாமி மன்னிக்கும். போணி மன்னிக்காது.

அது அவளுக்கும் தெரியும்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நர்சம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது.

மாத்திரை தந்தார். மாத்திரையோடு பயறு, கடலை, கீரை, முட்டை என்றும் சொன்னார். இப்படியே போனால் பிரசவத்தில் தாயும் தாங்காது, பிள்ளையும் தாங்காது.

"பலசரக்குக் கடை வீட்டுல வாக்கப்பட்டுட்டு என்னத்தத்தாம்மா திங்கிற?"

தேதி முடியப்போகிற பிஸ்கட். பாக்கெட் கிழிந்த சேமியா. ஆம்பிளைகள் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது.

அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். மாமனார் சிரித்தார். "நல்லதை நாமளே தின்னுட்டா, விக்கிறதுக்கு எதைம்மா வைக்கிறது?"

புருஷன் தவசிலிங்கம் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது கடையில் அவன் எண்ணெய் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கை பாதியில் நின்றது.

மாமனார் முறத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"அது வீட்டு மூட்டை மாமா. எனக்குக் கடை மூட்டை."

சர்க்கரை வாங்க வந்த டீக்கடை மாரிக்கனி அதற்குள் பின்னால் வந்து நின்றுவிட்டார். இப்படி ஒரு வேடிக்கைக்கு அவர் எத்தனை மூட்டை சர்க்கரை வேண்டுமானாலும் வாங்குவார்.

"என்ன அண்ணாச்சி, மருமகதான் போணியா? நல்ல கிராக்கிதான். போடுங்க, போடுங்க. எனக்கு அவசரமில்ல."

சாட்சி வந்துவிட்டது. மாமனார் முன் மூட்டைக்கு நகர்ந்தார்.

அவள் ஒரு பிடி அள்ளினாள். ஊதினாள். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தாள். கிராக்கிக்கு அந்த உரிமை உண்டு. மருமகளுக்குத்தான் இல்லை.

"எவ்வளவு?"

சொன்னார்.

"எதுத்த கடையில நாலு ரூவா கம்மி மாமா."

மாரிக்கனி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எதிர்க் கடைக்காரருடன் மாமனார் பேசிப் பதினோரு வருஷம்.

நாலு ரூபாய் குறைந்தது.

நிலக்கடலை அரைக் கிலோ. அதுவும் முன் மூட்டை.

"பேரீச்சை கால் கிலோ."

மாமனார் கீழ்த்தட்டைக் கைகாட்டினார். அங்கே இருந்தது காய்ந்து சுக்காகிப்போன சரக்கு.

தவசிலிங்கம் அப்பாவைப் பார்த்தான். மனைவியின் வயிற்றைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டுப் பெட்டியை இறக்கினான்.

"டேய்."

அவன் காதில் விழாதவன்போல நிறுத்துக் கட்டினான்.

அவள் பேரீச்சைப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தாள். வீட்டுப் படியேறிவிட்டால் பை பொதுச்சொத்து. வயிற்றுக்குள் போனதை எந்த மாமியாரும் திருப்பி எடுக்க முடியாது.

தெருவைப் பார்த்து நின்றுகொண்டு தின்றாள். மெதுவாக. வாயில் இருந்ததை முழுக்க மென்று விழுங்கியபின் அடுத்ததை எடுத்தாள்.

தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"வீட்டுல வச்சுத் திங்கக் கூடாதாம்மா?"

"கூடாதுன்னுதான் இங்கன திங்கிறேன் மாமா."

மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. வளைகாப்புக்கு அவள் அம்மா முந்தானையில் முடிந்துவிட்ட பணத்திலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து வைத்தாள்.

மாமனார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். பழக்கம். மீதி இரண்டு ரூபாய்க்குப் பதில் கண்ணாடி ஜாடியிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்து நீட்டினார். அதுவும் பழக்கம்.

"மிட்டாய் வேணாம். காசு குடுங்க."

"சில்லறை இல்லம்மா. நீதான போணி."

"அப்ப பாக்கி வைங்க."

"போணியில பாக்கி வைக்கக் கூடாது."

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. நாளைக்கு வந்து கழிச்சுக்கிறேன். வெள்ளன வந்துருவேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

மாரிக்கனி சர்க்கரையை மறந்துவிட்டு நின்றார்.

மாமனார் நெடுநேரம் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாடியில் போட்டுவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

கடை, மருமகளுக்குத் தர வேண்டிய பாக்கி: ரூபாய் இரண்டு.

அவர் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.