அட்ஜஸ்ட்

மதியம் மூன்று மணி. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜவுளிக்கடையின் மாடியில் வாங்க வந்தவர்கள் ஒருவரும் இல்லை. கண்ணாடி வழியே விழும் வெயில் பாவாடைச் சரிகைகளில் மின்னுகிறது. காலையிலிருந்து நின்றுகொண்டே துணி காட்டிய ஜீவிதா, மூலையில் இருக்கும் ஸ்டூலின் மேல் அடுக்கியிருந்த சட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்குகிறாள். பிறகு உட்காருகிறாள். வீங்கிய பாதங்கள் செருப்பைவிட்டு வெளியே வந்து, குளிர்ந்த தரையைத் தொடுகின்றன. மின்விசிறியின் கடகடப்பைத் தாண்டி மேனேஜர் பழனிக்குமாரின் குரல் வருகிறது. "ஏம்மா, கஸ்டமர் வர்ற நேரம். எந்திரி. செத்த நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்க." அவள் எழவில்லை. பக்கத்தில் சேலை மடிக்கும் மற்ற பெண்களின் கைகள் அப்படியே நிற்கின்றன. ஜீவிதா உட்கார்ந்தபடியே சொல்கிறாள். "அட்ஜஸ்ட்டுன்னா ரெண்டு பேரும் நகர்றதுண்ணே. லீவு கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்க, சாப்பிடப் போகணும்னா அட்ஜஸ்ட் பண்ணிக்க, கால் வலிக்குதுன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்க. மூணு வருசமா நான் மட்டும்தான் நகந்துக்கிட்டிருக்கேன்." பழனிக்குமாரின் முகம் சிவக்கிறது. "வேலை வேணுமா, வேணாமா?" ஜீவிதா ஒரு சட்டையை எடுத்து மடியில் விரிக்கிறாள். காலரை நீவிவிட்டு, கைகளை உள்ளே மடிக்கிறாள். "வேணும்ணே. அதான் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."