சாம்பல் போட்டுக் கழுவிய பிடி

அடிபம்படியில் அன்று இருந்தவர்கள் மீனம்மாள், அவள் மருமகள் ரத்னா, காலனியிலிருந்து பாப்பம்மாள், வெளிநாட்டுச் சங்கத்தில் வேலை பார்த்த ராஜாமணி, கேமராவோடு ஒரு வெள்ளைக்காரர். வேறு யாரும் இல்லை.

தண்ணீருக்காக ஊரும் காலனியும் மண்டையை உடைத்துக்கொண்ட மறுவருஷம், எழுபத்தெட்டில், சமாதானத்துக்கென்று சங்கம் போட்ட பம்பு அது. இரண்டுக்கும் நடுவில், மீனம்மாளின் புருஷன் எழுதிக்கொடுத்த நிலத்தில். அவர் போய்விட்டார். பம்பு மேடைக் கல்லில் அவர் பேர் இருக்கிறது.

பாப்பம்மாள் அடிக்க, மீனம்மாள் குடம் பிடிக்க, ஒரு படம். அது சீமைக்குப் போகும்.

"சிரிச்சிக்கினே அடிம்மா," என்றார் ராஜாமணி. "இந்தப் படத்தப் பாத்துட்டுதான் இருங்காட்டுக்கோட்டையிலயும் இதே மாதிரி போடப் போறாங்க."

குனிந்து குடம் பிடிப்பதில் மீனம்மாளுக்கு ஒன்றுமில்லை. பொய்க்குப் பிடிப்பதுதான் குத்தியது.

குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கணும்? அவங்க தொட்ட பிடிய எங்க ஆளுங்க சாம்பல் போட்டுக் கழுவிட்டுதான் தொட்டாங்க. அப்புறம் அதுவும் வேணாம்னு கழனிக் கெணத்துக்கே போய்ட்டோம். எங்க வூட்ல ஒருத்தரும் இந்தத் தண்ணி குடிக்கிறதில்ல. தோத்துப்போச்சுன்னு எழுதுங்க."

ராஜாமணி குரலைத் தாழ்த்தினார். "உங்க வூட்டுக்காரர் பேருதாம்மா கெடும்."

"அவரு நெலம் குடுத்தது சண்ட நிக்கறதுக்கு. பொய்ப் படத்துக்கு இல்ல. யாரால தோத்துச்சுன்னு கேட்டா எங்க வூட்டுப் பேர மொதல்ல போடுங்க. அங்கயாவது பம்பு எறக்கறதுக்கு முன்னாடி பொம்பளைங்கள ஒரு வார்த்த கேளுங்க."

"கழுவுன சாம்பத் தண்ணி எங்க பக்கந்தாம்மா ஓடியாந்துச்சி," என்றாள் பாப்பம்மாள், சிரிக்காமல்.

மீனம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு ராஜாமணியைப் பார்த்தாள்.

"அதையும் எழுதிக்குங்க."

வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியும். கேமராவை உறையில் போட்டுவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

பாப்பம்மாள் அடிக்க, அன்றைக்கு மீனம்மாள் இரண்டு கையும் ஏந்தி அந்தத் தண்ணீரைக் குடித்தாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மீனம்மாள் குடிக்கவில்லை. குடித்தவள் ரத்னா, மாமியாரைக் கேட்காமல்.