ஏழாவது வீடு

கல்லூரி முதல்வர் ஆய்வறிக்கையை மேசைமீது போட்டார்.

"இருபது வருஷமா மார்க்கெட்டிங் பாடம் எடுக்கறீங்க. ஆய்வுக்குப் போன ஏழாவது வீட்டு அம்மா முப்பத்தெட்டுப் பொருள் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே ஒரு அறையில ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களே, யார் நம்புவா?"

"நானே போய்ப் பாத்தேன் சார்," என்றார் பேராசிரியை.

"அவங்க புருஷனுக்குக் கண்ணு தெரியாதா?"

பக்கத்திலிருந்த விசாரணைக் குழு உறுப்பினர்கள் இருவரும் சிரித்தார்கள்.

"அவருக்கு வீட்டைப் பாக்க நேரமில்லையாம் சார். பார்சல் கொண்டு வர்றவராவது ரெண்டு வார்த்தை பேசுவாரேன்னுதான் வாங்கறாங்களாம்."

"கதை நல்லா விடறீங்க. பேரையும் விலாசத்தையும் சொல்லுங்க. நானே நேர்ல போய்ப் பாக்கறேன். உண்மைன்னா நீங்கதான் துறைத்தலைவர். சொல்லலைன்னா இட்டுக்கட்டினதா எடுத்துக்குவோம். அப்புறம் வேலையே இருக்காது."



"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"அப்ப வெளியில காத்திருங்க. உத்தரவை டைப் பண்ணச் சொல்றேன்."

வராந்தாவுக்கு வந்ததும் கைப்பேசி ஒலித்தது. ஏழாவது வீட்டு அம்மாதான்.

"என்னம்மா ஆச்சு? என் பேரைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. சொல்லலை."

"உன் வேலை?"

"போயிடும்போல இருக்குக்கா."



"நீ திரும்ப உள்ள போ. போனை உங்க முதல்வர் கையில குடு."

"என்னக்கா சொல்றது அவர்கிட்ட?"

"அவர் பொண்டாட்டி பேசணுமாம்னு சொல்லு."