நிமிர்ந்த கழுத்து

சவரக்கத்தியை விரித்து மகளின் கையில் கொடுத்துவிட்டு, அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நுரை பூசிய கழுத்தை மேலே தூக்கிக் காட்டினார். எந்த மேலதிகாரி முன்னாலும் வளையாத கழுத்து.

மகள் கத்தியைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். மறுபடியும் கத்தியைப் பார்த்தாள்.

அவர் மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வரக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

ரயில் நிலையத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாதை சரியாக இருக்கிறது என்று உறுதி சொல்வதே தொழில். அவர் சொல்லாமல் ஒரு வண்டி அசைந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான்.

மகளுக்கு இந்த நோய் வந்த பிறகு அவர் சொன்ன உறுதிகளுக்குக் கணக்கே இல்லை. கத்தியைக் கண்டாலே போதும், அப்பாவின் கழுத்தை அறுத்துவிடுவோமோ என்ற எண்ணம் அழையாத விருந்தாளி மாதிரி அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிச் செய்துவிட மாட்டேனே என்று ஓடிவந்து கேட்பாள். ஒன்றும் ஆகாது என்பார். சூடான கல்லில் தெளித்த தண்ணீர்போல அந்த ஆறுதல் உடனே ஆவியாகிவிடும். மறுபடியும் வந்து நிற்பாள்.

வீட்டிலிருந்த கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் பீரோவுக்குள் போய்விட்டன. காய்கறியைக் கையால் ஒடித்துச் சமைத்தார்கள். விருந்தாளிகளுக்குப் பழம் முழுசாக வந்தது. ஏன் என்று அவர் தங்கை கேட்டபோது, மீசை துடிக்காமல் பதில் சொன்னார். பழத்தை வெட்டிக் கொடுப்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை, நீ மறந்துவிட்டாய்.

அடுத்த முறை தங்கை வீட்டுக்குப் போனபோது, ஒரு முழு அன்னாசிப்பழம் அவர் மடியில் வைக்கப்பட்டது.

குடும்ப மானத்துக்காக, அதைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டே பேசிவிட்டு வந்தார்.

ஆனால் மருத்துவரிடம் போன முதல் நாள் அவரால் தாங்க முடியவில்லை. மருத்துவர் அவர் மகளைவிட வயதில் சின்னவள். வீட்டுக்குள்ளேயே மூடிவைத்திருந்த அந்த எண்ணத்தை அவள் வெளிப்படையாக எடுத்துச் சொன்னதும் எழுந்துவிட்டார். தன் வீட்டுப் பெண் தகப்பன் கழுத்தில் கத்தி வைக்க நினைக்கிறாள் என்று வெளியாள் சொல்வதா? பரம்பரையில் கேள்விப்படாத அவமானம். விறுவிறுவென்று படியிறங்கினார்.

மருத்துவர் பின்னாலேயே ஓடிவந்தாள். பாதிப் படியில் நிறுத்தி ஏதோ சொன்னாள்.

அவர் கைப்பிடியைப் பிடித்துத் திரும்பினார். பிறகு மேலேறி வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். படியில் என்ன பேச்சு நடந்தது என்பதை இன்றுவரை மனைவியிடமும் சொல்லவில்லை.

வைத்தியம், பயந்த பொருளோடேயே பழகுவது. முதலில் பூட்டிய பீரோ திறந்தது. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகள் ஆப்பிள் நறுக்கினாள். பிறகு மடக்கிய சவரக்கத்தி, பிறகு விரித்த சவரக்கத்தி. இன்று கடைசிப் படி.

அவருக்கு மருத்துவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. உறுதி மட்டும் சொல்லக் கூடாது. அவர் சொல்லும் ஒவ்வொரு ‘ஒன்றும் ஆகாது’ என்ற சொல்லும், அந்தப் பயத்துக்கு அவரே ஊட்டும் சோறாம்.

கத்தி தாடைக்குக் கீழே வந்து தொட்டது. ஜில்லென்று இருந்தது. நடுங்கியது.

“அப்பா… நான் ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?”

சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. குரல்வளை ஏறி இறங்கியதைக் கத்தியும் உணர்ந்திருக்கும். மகளின் கண்கள் தளும்பிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு சொல் போதும், அந்த முகம் தெளிந்துவிடும்.

அவர் மனசுக்குள் பச்சைக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“யாருக்கும்மா தெரியும்? பண்ணாலும் பண்ணுவே. கிருதா ரெண்டையும் ஒரே அளவா எடு.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் அவரையே பார்த்தாள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு தப்பித்து வெளியே வந்தது. நடுங்கும் கையோடேயே கத்தி இறங்கத் தொடங்கியது.

காதுக்குக் கீழே சுருக்கென்றது. நுரையில் ஒரு சிவப்புப் பொட்டு.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

மகள் மூச்சை இழுத்துவிட்டாள். ஈரத் துணியால் அந்தப் பொட்டை ஒற்றி எடுத்தாள். அடுத்த கன்னத்துக்குப் போனாள்.

சவரம் முடிந்தது. ஒரு கிருதா மேலே, ஒரு கிருதா கீழே. மகள் கத்தியைத் தானே கழுவ எடுத்துக்கொண்டு போனாள். கூடவே ஏதோ முணுமுணுப்பாகப் பாட்டும் போயிற்று.

மனைவி உள்ளே வந்து துண்டை நீட்டினாள்.

“ஏங்க, அன்னிக்குப் படிக்கட்டுல அந்த டாக்டர் பொண்ணு அப்படி என்னதான் சொன்னா? இப்பவாவது சொல்லுங்களேன்.”

அவர் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டார்.

இந்த நோய் வேண்டாதவர்களைத் தேடிப் போகாது ஐயா, என்றாள் அன்று படியில் அந்த மருத்துவர். யாருக்கு ஒன்று ஆகிவிட்டால் தாங்கவே முடியாதோ, அவரைக் காட்டித்தான் பயமுறுத்தும்.

பாசத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத குடும்பம் அவருடையது.

மகளின் பயம் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்தது அவர் கழுத்தை மட்டும்தான். அவளைச் சுமந்து பெற்றவளின் கழுத்துப் பக்கம் அது ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

இதை இவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

முகம் எப்போதோ உலர்ந்துவிட்டது. அவர் துண்டை எடுக்கவில்லை.