இரண்டாவது பல்பு

“ரிமோட்டை என் பக்கம் நீட்டாதீங்க மேடம். நான் அணையற ஆள் இல்லை. மெஷின் அங்கே இருக்கு.”

மேனேஜர் சிரித்துவிட்டார். பத்து மணி கூட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மீட்டிங் அறையில் அவரும் பல்பு அண்ணனும் மட்டும்தான். ப்ரொஜெக்டர், மைக், ஸ்பீக்கர், வயர் எல்லாம் சேர்ந்த கருவிகள் பிரிவு பல்பு அண்ணனின் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தில் ராஜாவும் அவரே, சேவகனும் அவரே.

“இன்னைக்கு இந்தச் சிக்கனத் திட்டம் பாஸ் ஆகணும்ணே. இல்லேன்னா என் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருப்பாங்க. டைரக்டர் போன வாரமே ஜாடையாச் சொல்லிட்டார்.”

“ஆயிடும். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. செல்போனை அணைச்சா போதாது, லேப்டாப்ல மெசேஜ் வர்றதையும் நிறுத்துங்க. போன மாசம் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பேசிட்டிருக்கும்போது, ‘வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க’ன்னு அவர் வீட்டம்மா அனுப்பினது சுவர் அளவுக்கு வந்துச்சு. டைரக்டர் ‘எத்தனை கிலோ?’ன்னு கேட்டார்.”

“ஐயோ பாவம்.”

“திரையைப் பார்த்துப் படிக்காதீங்க. அவங்களுக்கும் படிக்கத் தெரியும். லேசர் வேண்டவே வேண்டாம். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்புப் புள்ளி சுவரெல்லாம் ஆட்டம் போடும்.”

“என் கை நடுங்கினதை நீங்க பார்க்காததா?”

இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பழைய நாளுக்குப் போய்விட்டார்கள். இருபத்து நாலு வருடம். இதே அறை. அப்போது லேப்டாப் ஏது? பிளாஸ்டிக் தாளில் கலர் பேனாவால் எழுதி, மெஷினின் கண்ணாடி மேல் வைத்தால் சுவரில் பெரிதாக விழும். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான இன்றைய மேனேஜர், மூன்றாவது தாளை வைத்து விரலால் காட்டினார். நடுங்கும் விரல் சுவரில் உலக்கை பருமனுக்கு ஆடியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சரியாக அந்த நொடியில் பல்பு போனது. கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. மறுநாள் அவர் பேசியதைக் கேட்டு அறையே கைதட்டியது.

திட்டு வாங்கியது அண்ணன்தான். “ஒரு பல்பை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா?” என்று அன்றைய டைரக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை விடவில்லை.

“நான் பல்பு வாங்கறதைப் பார்க்க அத்தனை பேரும் காத்துட்டிருந்தப்போ, நிஜ பல்பே போச்சு,” என்றார் மேனேஜர்.

“நேரம் பார்த்துப் போச்சு,” என்றார் அண்ணன், வயரைச் சுருட்டியபடி. “இப்போ அந்தக் கவலை இல்லை. போன வாரம்தான் புது பல்பு மாட்டினேன்.”

“அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை இன்னும் மூக்குலயே இருக்குண்ணே. நாம ரெண்டு பேரும் எவ்வளவு சின்னவங்களா இருந்தோம்.”

அண்ணன் சுருட்டிய வயரை ஆணியில் மாட்டினார்.

“இன்னொண்ணு. எல்லாரும் உங்க முகத்தைப் பார்க்கணும்னா கீபோர்டுல ‘பி’யைத் தட்டுங்க. திரை கறுப்பாயிடும். மறுபடி தட்டினா வந்துடும். சரி, பன்னிரண்டு ஸ்லைடையும் ஒரு தடவை ஓட்டிடலாம்.”

பதினொன்று ஓடியதும் மேனேஜர் லேப்டாப்பை மூடினார். “கடைசி வேண்டாம்ணே. அது சரியாத்தான் இருக்கு.”

அண்ணனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு ஸ்லைடைக்கூட அண்ணனிடம் மறைத்ததில்லை.

கூட்டம் நன்றாகவே போனது. பதினொன்றாவது ஸ்லைடு முடிந்ததும் டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எல்லாம் சரி. எந்தப் பிரிவை மூடப்போறோம்? அதைக் காட்டுங்க.”

மேனேஜரின் விரல்கள் கீபோர்டின் மேல் தயங்கின. அடுத்த நொடி திரை இருண்டது.

“மன்னிக்கணும் சார். பல்பு போயிடுச்சு.”

பின்வரிசையிலிருந்து அண்ணன் ஓடிவந்தார். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

“ஆமா சார். புதுசு வர நாளைக்கு ஆகும்.”

“ஒரு பல்பை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா?” என்று டைரக்டர் எழுந்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, “நாளைக்குக் காலையில முடிவோட வாங்க. இல்லேன்னா உங்க இடத்துல வேற ஆளைப் பார்க்கறேன்,” என்றார்.

அறை காலியானதும் அண்ணன் கதவைச் சாத்தினார். “பல்பு நல்லாத்தான் இருக்கு மேடம்.”

மேனேஜர் ‘பி’யைத் தட்டி, கடைசி ஸ்லைடுக்கு நகர்த்தினார். சுவரில் எழுத்து வந்தது. ‘மூடப்படும் பிரிவு: கருவிகள் பிரிவு. ஆள்: ஒருவர்.’

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார். “எழுத்து நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கீங்க,” என்றார்.

“வேற வழி தெரியாமப் போட்டுட்டேண்ணே. நாளைக்குள்ள வேற வழி கண்டுபிடிக்கறேன்.”

“முடியலேன்னா உங்க நாற்காலி போயிடுமே. இப்படி ஒரு பொய் சொல்ல எங்கே கத்துக்கிட்டீங்க?”

“இதே ரூம்ல, உங்ககிட்டதான். அந்தப் பழைய மெஷின்ல ஒரு பல்பு போனா, குமிழைத் திருப்பினதும் உள்ளேயே இருக்கற இரண்டாவது பல்பு எரியும்னு மறுவாரமே அதோட புத்தகத்துல படிச்சுட்டேண்ணே. அன்னைக்கு நீங்க அந்தக் குமிழைத் தொடவே இல்லை.”